முதல் ஏழு நாள், பிறகு பல ஆண்டு: வன்கொடுமை வழக்கை ஊர் கூடி நடத்தும் முறை

மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில், சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடிப்பதற்காக 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்றதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அந்தக் குளம் தங்களுக்கு மட்டுமே உரியது என்று சாதி இந்துக்கள் அவர் மீது வழக்குத் தொடுத்தார்கள் என்பதும், அது கீழ் நீதிமன்றங்களைக் கடந்து பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நினைவுக்கு எட்டாத காலம் முதல் அப்படியொரு வழக்கம் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் 1937 மார்ச்சில் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊர்வலம் ஒரே நாளில் முடிந்தது. வழக்குக்குப் பத்து ஆண்டு பிடித்தது. அந்தப் பத்தாண்டு வேலையைத் தமிழ்நாட்டின் ஒரு காலனியில் இன்று எப்படிச் செய்வது என்பதை, சாதி வன்கொடுமை வழக்குகளில் புகார் எழுதவும் சாட்சிகளை அழைத்துச் செல்லவும் கூடவே இருந்தவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

இன ஒதுக்கலுக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, நிறம், இனம் ஆகியவற்றோடு வம்சாவளியையும் சேர்த்தே கூறுகிறது. அச்சொல்லில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் விளக்கமளித்தது. இந்திய அரசு அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெனீவாவில் அந்த வாதம் எப்படிப் போனாலும், நம் கையில் உள்ள கருவி 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான். பழைய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் நினைவில் மக்கள் இன்றும் இதைப் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றே சொல்கிறார்கள். அது 1955ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். காவல் நிலையத்தில் ‘பி.சி.ஆர். போடுங்கள்’ என்று கேட்டுவிட்டு, தண்டனை குறைந்த அந்தப் பழைய சட்டத்தின் கீழ் மட்டும் பதிவு செய்யப்பட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். எனவே சட்டத்தின் பெயரை முழுமையாகச் சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தின் தனித்தன்மை, அதில் அதிகாரிகளுக்கு வைக்கப்பட்டுள்ள கெடுக்கள். நிவாரணத்துக்கு ஏழு நாள், குற்றப்பத்திரிகைக்கு 60 நாள், குற்றப்பத்திரிகை தாக்கலான பின் இயன்றவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிவு, மேல்முறையீட்டுக்கு 90 நாள், மாவட்டக் குழுக் கூட்டத்துக்கு மூன்று மாதம் என்று எல்லாவற்றுக்கும் நாள் குறிக்கப்பட்டுள்ளது. கெடு தவறிய மறுநாள் எழுத்தில் கேட்பதற்கு ஊரில் ஒருவர் இருந்தால்தான் இந்த நாள்களுக்குப் பொருள் உண்டு. ஆகவே முதல் வேலையாக ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். சம்பவம் நடந்த தேதியை முதல் வரியில் எழுதி, யார் எப்போது வந்தார், என்ன கேட்டார், எந்தத் தாளில் கையொப்பம் வாங்கினார் என்பதையெல்லாம் அன்றன்றே எழுதும் பொறுப்பை, கையெழுத்து நன்றாக உள்ள, ஊரை விட்டு எளிதில் வெளியேறாத ஒருவரிடம் கொடுங்கள். என் அனுபவத்தில் கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் இதைச் செய்வதுபோல் வேறு யாரும் செய்வதில்லை.

புகார் எழுதுவது

எழுதத் தொடங்குவதற்கு முன், பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதால், சான்றிதழில் கிறித்தவர் என்று இருக்கும் தலித் குடும்பத்தினருக்கு இச்சட்டம் பொருந்தாது. ஒரே தெருவில், ஒரே வசவைக் கேட்டு, ஒரே நாளில் அடிபட்ட அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு மட்டும் இச்சட்டத்தின் காப்பு உண்டு என்னும் நிலைமை எவ்வளவு அபத்தமானதாயினும், அதை வழக்கின் நடுவே எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதைவிட முதல் நாளே நாம் தெரிந்துகொள்வது நல்லது. அத்தகைய குடும்பத்துக்கு வழியே இல்லை என்று கைவிட்டுவிடவும் வேண்டாம்: தீண்டாமையின் பேரில் ‘எந்த ஒரு நபரையும்’ தடுப்பது குற்றம் என்றுதான் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் உள்ளது, அதையும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாயச் சட்டத்தின் பிரிவுகளையும் சேர்த்துப் புகார் எழுதலாம். அதேபோல், குற்றம் சாட்டப்படுபவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தாலும் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது.

இனி, புகாரின் சொற்கள். பல ஆண்டுகளுக்கு முன் தென் மாவட்டக் காவல் நிலையம் ஒன்றின் வாசலில், அடிபட்ட இளைஞன் சொல்லச் சொல்ல நானே ஒரு புகார் எழுதினேன். தன்னை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை அவன் அப்படியே சொன்னான். அதை என் கையால் எழுதக் கூசி, ‘சாதியைச் சொல்லி இழிவாகத் திட்டினார்’ என்று நாகரிகமாக முடித்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான்: ‘என்ன சொல் என்று புகாரில் இருக்கிறதா?’ அடித்த குற்றத்துக்குச் சிறிய தண்டனை கிடைத்தது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய பிரிவு விழுந்துபோனது. கூசியவன் நான், இழந்தவன் அவன். அன்று முதல், வசவு எவ்வளவு கேவலமாயிருந்தாலும் எழுத்துக்கு எழுத்து எழுத வைக்கிறேன்.

சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய பிரிவுகள், இழிவுபடுத்தலோ சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதோ ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நடந்திருக்க வேண்டும் என்று கூறுகின்றன. நான்கு சுவருக்குள், வெளியாள் எவரும் இல்லாத இடத்தில் பேசியது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. வீட்டு வாசலில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி நடந்தது வரும் என்று 2008லேயே கூறியுள்ளது. ஆகவே இடத்தை விவரிக்கும் வரிதான் பல வழக்குகளில் உயிர்நிலை. ஒரு நல்ல புகாரின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

‘மாலை சுமார் ஐந்தரை மணிக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடை முன்பு, பொதுச் சாலையில் பைக்கில் சென்றுகொண்டிருந்த என்னை, எங்கள் ஊர் வடக்குத் தெருவில் குடியிருக்கும் இன்ன சாதியைச் சேர்ந்த இன்னார் வழிமறித்து, (சாதிப் பெயருடன் அவர் சொன்ன சொற்கள் அப்படியே) எங்கள் தெருவில் உனக்கு வண்டி கேட்கிறதா என்று சத்தமாகத் திட்டி, வண்டியைக் கீழே தள்ளி, செருப்பால் என் இடது தோளில் அடித்தார். அப்போது கடையில் இன்னாரும் இன்னாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு என்னையும் என் குடும்பத்தையும் பத்து ஆண்டுகளாகத் தெரியும்.’

இந்தச் சில வரிகளுக்குள் எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று பாருங்கள். ‘பொதுச் சாலையில் பைக்கில்’ என்பது, பொது இடத்தில் வண்டி ஓட்டுவதையும் செருப்பு, புத்தாடை அணிவதையும் திருமண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம் என்னும் 3(1)(இசட்.ஏ.) பிரிவைக் கொண்டுவருகிறது. டீ குடித்தவர்கள் பொதுமக்கள் பார்வையையும் சாட்சியையும் ஒருசேரத் தருகிறார்கள். கடைசி வரி, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரிந்திருந்தால் சாதியும் தெரிந்திருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்னும் எட்டாவது பிரிவுக்காக எழுதப்பட்டது. ‘அவன் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். நடக்காததை ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். பத்துப் பேர் இருந்த இடத்தில் இருபது பேரைச் சேர்த்தால், அந்தப் பத்துப் பேரும் தப்பித்துவிடுவார்கள்.

அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ‘யார் அடித்தது’ என்று கேட்கும்போது சொல்லும் பதில் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. ‘கீழே விழுந்துவிட்டான்’ என்று பயத்தில் யாராவது சொல்லிவிட்டால் அது கடைசிவரை துரத்தும். செல்பேசியில் காட்சி பதிவாகியிருந்தால், எடுத்த செல்பேசியையே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகலை வைத்து மட்டும் நீதிமன்றத்தில் நிற்க முடியாது. மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றை, கருவியைக் கையில் வைத்திருப்பவர்தான் தர முடியும்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வராவிட்டால்

நிலையத்தில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பின் வழியாக, பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று வழிசெய்தது; அதற்கெதிராக நாடெங்கும் போராட்டம் எழுந்த பின், அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, முதற்கட்ட விசாரணையும் வேண்டியதில்லை, கைதுக்கு மேலதிகாரி ஒப்புதலும் வேண்டியதில்லை என்று சட்டமாக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று கூறிவிட்டது. ‘விசாரித்துவிட்டுப் போடுகிறோம்’ என்று சொல்லும் ஆய்வாளரிடம் 18ஏ என்ற எண்ணை மரியாதையுடன் சொன்னாலே பாதி நேரம் நிலைமை மாறிவிடுகிறது.

மாறவில்லையென்றால், புகாரின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அன்றே அனுப்புங்கள். வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் வந்த 1995ஆம் ஆண்டு விதிகளின் ஐந்தாம் விதி இதற்கென்றே உள்ளது. கூடவே 14566 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 14ஆம் பிரிவின்படி வழக்கை நேரடியாகவே ஏற்கும் அதிகாரம் கொண்ட சிறப்பு நீதிமன்றத்தை வழக்கறிஞர் மூலம் அணுகலாம். வாய்மொழியாகச் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டாமை, எஃப்.ஐ.ஆர். நகலை உடனே தராமை போன்றவை, வேண்டுமென்றே செய்யப்பட்டால், பொது ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை பெற்றுத் தரக்கூடிய குற்றம் என்று நான்காம் பிரிவு கூறுகிறது. நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டியிருப்பதால் அந்தப் பிரிவு அரிதாகவே பயன்படுகிறது. ஆனாலும் மனுவில் அதைக் குறிப்பிட்டுவிட்டால் அடுத்த மனுவுக்கு அது அடித்தளமாகும்.

எஃப்.ஐ.ஆர். கையில் கிடைத்ததும் அங்கேயே நின்று பிரிவுகளைப் படியுங்கள். புகாரில் எழுதிய வசவு எஃப்.ஐ.ஆரில் இல்லாமல் போயிருக்கிறதா, 3(1)(ஆர்) மட்டும் போட்டு எஸ் விடப்பட்டிருக்கிறதா, கடுங்காயம் இருந்தும் 3(2)(வி.ஏ.) சேர்க்கப்படவில்லையா என்பதைப் பார்க்க வேண்டும். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமென்றால், பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்தே செய்தவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் 3(2)(வி) இருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் பிரிவு மாற்றம் கோரி, விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி.க்கு மனு கொடுக்கலாம். இவ்வழக்குகளை டி.எஸ்.பி. தகுதிக்குக் கீழான அதிகாரி விசாரிக்கக் கூடாது. உதவி ஆய்வாளர் வந்து வாக்குமூலம் எழுதிச் சென்றார் என்றால் அதையும் தேதியுடன் நோட்டில் எழுதுங்கள்.

முதல் ஏழு நாள்

சம்பவ இடத்துக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்து உயிரிழப்பையும் பொருள் இழப்பையும் மதிப்பிட வேண்டும், ஏழு நாளுக்குள் நிவாரணம் கொடுக்க வேண்டும் என்று 12ஆம் விதி கூறுகிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய குற்றத்துக்கு மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு அட்டவணைப்படி ரூ.1 லட்சம், அதில் 25 விழுக்காடு எஃப்.ஐ.ஆர். நிலையிலும், 50 விழுக்காடு குற்றப்பத்திரிகை நிலையிலும், மீதம் தண்டனை விதிக்கப்பட்ட பிறகும் தரப்பட வேண்டும். கொலையென்றால் அதே அட்டவணைப்படி ரூ.8.25 லட்சம், பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகைக்குப் பின் பாதி. மாதம் ரூ.5,000 அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும், பிள்ளைகளின் படிப்புச் செலவும் அதற்கு மேல். மாநில அரசு தொகையை உயர்த்தி வழங்கக்கூடும் என்பதால், நடப்பு விகிதத்தை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இந்தப் பணத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பும்: ‘காசுக்காகக் கேஸ் போட்டிருக்கிறார்கள்.’ கேட்டுக் கூசி, நிவாரணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். நான்கே மாதத்தில், கூலி வேலையும் இல்லாமல், நீதிமன்றத்துக்குப் போகப் பேருந்துக் கட்டணமும் இல்லாமல், அவர்கள் எதிர்த்தரப்பு நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு சாட்சி மாறினார்கள். சட்டம் தரும் பணம், அந்த நீட்டிய கையைத் தள்ளிவிடுவதற்கான பணம். அதைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

எதிர் வழக்கும் சமாதானமும்

புகார் கொடுத்த சில மணி நேரத்துக்குள் எதிர்த்தரப்பில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, நம் பையன்கள் திருடினார்கள் என்றோ பெண்ணிடம் தவறாக நடந்தார்கள் என்றோ ஒரு புகார் கொடுத்துவிடுவது ஏறக்குறைய விதியாகிவிட்டது. எனவே நம் புகார் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பது முக்கியம். எதிர் வழக்கில் பெயர் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் பயந்து ஊரை விட்டு ஓடிவிடுவதைத் தடுத்து, ஒரு வழக்கறிஞர் முன்னிலையில் அவர்களுக்கு முன்ஜாமீன் ஏற்பாடு செய்ய வேண்டும். முன்ஜாமீன் நமக்குக் கிடைக்க வழி உண்டு. முகாந்திரம் இருக்கும் வன்கொடுமை வழக்கில் எதிர்த்தரப்புக்குக் கிடைக்காது என்று 18ஆம் பிரிவு கூறுகிறது. இந்த வேறுபாடுதான் அவர்களை அடுத்த கட்டமான சமாதானக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறது.

தாசில்தார் அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கோயில் நுழைவு, பொதுப்பாதை, மயானம் போன்ற வழக்கங்களை மாற்றுவதற்கு அது சில ஊர்களில் உதவியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், 2023 ஜனவரி 30 அன்று பட்டியல் சாதி மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றதற்குப் பின்னால் அதிகாரிகள் நடத்திய பல சுற்றுப் பேச்சு இருந்தது. ஆனால் கோயில் பற்றிய பேச்சும் வழக்கு பற்றிய பேச்சும் ஒரே தாளில் எழுதப்படக் கூடாது. ‘இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம், மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்ற ஒரு வரியில் கையொப்பமிட்டுவிட்டால், அதைக் காட்டியே உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடுவார்கள். கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று பேருக்குக் குறையாமல் போகட்டும். தாளைப் படித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லட்டும்.

ஊரின் வேலை

வழக்குப் பதிவான பிறகு வயல் வேலைக்குக் கூப்பிடாதிருப்பது, கடையில் பொருள் கொடுக்காதிருப்பது, குத்தகை நிலத்தைத் திரும்பக் கேட்பது என்று ஒவ்வொன்றாக நடக்கும். இது 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 3(1)(இசட்.சி.) பிரிவின்படி சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு என்ற தனிக் குற்றம். எந்தக் கடையில், எந்த நாளில், யாருக்கு, என்ன பொருள் மறுக்கப்பட்டது என்று எழுதி, தனிப் புகாராகக் கொடுங்கள். பழைய வழக்கின் தொடர்ச்சியாக வாய்மொழியில் சொல்லிவிட்டு வராதீர்கள். சாட்சிகளை மிரட்டினாலும் அப்படியே: அந்தப் புகாரைப் பதிவது நிலைய அதிகாரியின் கடமை என்று 15ஏ பிரிவு கூறுகிறது.

அந்த நாள்களில் வழக்கைக் காப்பாற்றுவது அரிசி. நான் உதவிய ஒரு காலனியில், பாதிக்கப்பட்ட மூன்று குடும்பங்களுக்கு மகளிர் குழுவினர் ஆளுக்கு இரண்டு படி என்று வாரந்தோறும் கொடுத்தார்கள்; பக்கத்து ஊரில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர், சாதியால் அவர் எதிர்த்தரப்புதான், ஆண்களுக்கு வேலை கொடுத்தார். அவரைத் தேடிப் போய்ப் பேசியவர் எங்கள் கூட்டத்தில் யாருமே எதிர்பார்க்காத ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அதனால்தான் சொல்கிறேன்: மறுதெருவில் நம்மோடு பேசுகிறவர் ஒருவராவது இருப்பார்; சுவரொட்டி ஒட்டி அத்தெருவையே திட்டுவதற்கு முன் அவரைப் பார்த்துவிடுங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பிற சாதிச் சாட்சி ஒருவர் நீதிமன்றத்தில் உண்மை சொன்னால், நம் சொந்தங்கள் பத்துப் பேர் சொன்னதற்கு அது வலுச்சேர்க்கும். பாலியல் வன்முறை வழக்கென்றால், பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ துண்டறிக்கையிலும் சமூக ஊடகத்திலும் போடக் கூடாது. ஆதரவு என்ற பெயரில் செய்தாலும் அது குற்றம்.

இதற்கிடையில் மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவை மறந்துவிடாதீர்கள். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய அக்குழுவில், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிலிருந்து அலுவல்சாரா உறுப்பினர்கள் ஐவர் வரை இருப்பார்கள். அவர்கள் பெயரையும், கடந்த ஓராண்டின் கூட்டக் குறிப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், முப்பது நாளில் பதில் வர வேண்டும். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தத் தாள் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் எழுதும் மனுவுக்கு நல்ல இணைப்பு.

நீதிமன்றத்தில்

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்ற எண்ணிலோ அணுகலாம். அரசுத் தரப்பில் வழக்கை நடத்துபவர் சிறப்பு அரசு வழக்கறிஞர். அவர் மீது நம்பிக்கை இல்லையென்றால், பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நியமிக்க 4(5) விதி ஆட்சியருக்கு அதிகாரம் அளிக்கிறது. இதன் பயன் என்ன என்பதைத் தலித் மாணவர் கோகுல்ராஜின் கொலை வழக்கு காட்டியது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட அந்த மாணவரின் உடல் மறுநாள் தண்டவாளத்தில் கிடந்தது. முக்கியச் சாட்சியே பிறழ்ந்த நிலையில், அவருடைய தாய் உயர் நீதிமன்றம் சென்று போராடினார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது, பவானி பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வாதாடினார். கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு மனிதச் சாட்சி விட்ட இடத்தை நிரப்பியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் அவர்களில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்து, இருவரின் தண்டனையை மட்டும் ஐந்தாண்டாகக் குறைத்தது.

ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு கொடுத்து அவரைக் கேட்க வேண்டும் என்று 15ஏ பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. அறிவிப்பில்லாமல் வழங்கிய ஜாமீனை உச்ச நீதிமன்றம் 2021இல் ரத்து செய்திருக்கிறது. ஆகவே ஜாமீன் விசாரணை நாளில் குடும்பத்தில் ஒருவராவது நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். சாட்சி நாளில் அவர்களைத் தனியாகப் பேருந்தில் அனுப்பாதீர்கள். நீதிமன்ற வளாகத்தின் வேப்பமரத்தடியில் எதிர்த்தரப்பினர் முப்பது பேர் நிற்க, நம் ஆள் ஒருவராய் உட்கார்ந்திருந்தால், கூண்டில் ஏறுவதற்கு முன்பே பாதி சாட்சியம் போய்விடும். பயணச் செலவும் உணவுச் செலவும் 11ஆம் விதிப்படி கேட்டுப் பெறலாம்.

வழக்கு இழுத்துக்கொண்டே போகும்போது வாச்சாத்தியைச் சொல்லித்தான் நான் மக்களை உட்கார வைக்கிறேன். தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரப் பழங்குடி ஊருக்குள், 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசு முதலில் மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. பட்டியல் சாதி, பழங்குடி ஆணையத்தின் கள அறிக்கை உண்மையை வெளியே கொண்டுவந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 1995இல் சி.பி.ஐ. விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார்கள். மீதமிருந்த 215 பேரும், அதாவது வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் 5 பேர், 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடுகளை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், ஊருக்கே நேரில் சென்று பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம் வழங்க உத்தரவிட்டார். முப்பத்தோராண்டு அந்தப் பெண்கள் சொன்னதையே சொன்னார்கள்.

தீர்ப்பு வந்த அன்று செய்ய வேண்டிய மூன்று வேலைகள் மிச்சமிருக்கின்றன. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பிக்க வேண்டும். விடுதலையாகிவிட்டால் 14ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்கான 90 நாள் அன்றிலிருந்து ஓடத் தொடங்குகிறது. தண்டனை கிடைத்திருந்தால், நிவாரணத்தின் கடைசித் தவணை கேட்டு நகலுடன் ஆட்சியருக்கு மனு எழுத வேண்டும். அந்த மனுவுக்கு வேண்டிய எல்லாத் தேதிகளும் முதல் நாள் வாங்கிய கோடு போட்ட நோட்டில் இருக்கும்.